சாரல் காலப் படங்களில் நிறம் இயல்பாக அமைய: ரா கோப்பைத் திருத்தும் முறை

ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும் ஆடி மாதத்தில், செங்கோட்டையை அடுத்த புளியரை வயல்களில் கார் நெல்லின் பச்சை மேக வெளிச்சத்தில் அடங்கியே தெரியும். அக்காட்சியை ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலத் தரவாக எடுத்துக் கணினியில் திறக்கும்போது படம் சோர்ந்து காணப்பட்டால், பலரும் முதலில் நிறச் செறிவான சாச்சுரேஷனைத்தான் கூட்டுகிறார்கள்; அதைக் கடைசியில் தொட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. மற்ற இரண்டையும் கணித்து, ஒளி அளவுகளைக் கண்ணுக்கு ஏற்ப வளைத்துக் காட்டுவது மென்பொருளின் வேலை என்பதால், எந்த முடிவை எந்த வரிசையில் எடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

முதலில் புரொஃபைலை, அதாவது படத்தின் தொடக்கத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பைத் தேர்ந்துகொள்ளுங்கள். லைட்ரூம் மென்பொருளில் 'விவிட்', 'லேண்ட்ஸ்கேப்' போன்றவற்றைத் தவிர்த்து 'ஸ்டாண்டர்ட்' அல்லது 'நியூட்ரல்' வகையில் தொடங்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ராதெரபி மென்பொருள், கேமராவே உருவாக்கிய ஜேபெக்கின் தோற்றத்துக்கு ஏற்ற டோன் கர்வை, அதாவது இருள் முதல் வெளிச்சம் வரையிலான அளவுகளை மாற்றும் வளைகோட்டைத் தானே அமைத்துத் தரும். தொடக்கத்துக்கு அது போதும்.

அடுத்தது ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறச் சாயலை ஈடுசெய்வது. பொறுமை அதிகம் தேவைப்படுவது இங்கேதான். மேகம் மூடிய நேரத்துக்கு 6000 முதல் 6500 கெல்வின் (ஒளியின் நிற வெப்பநிலை அலகு) வரை பொருந்தும். செங்கோட்டைப் பக்கம் மேற்கே மலை இருப்பதால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுகிறது. அதன்பின் வானத்தின் நீல ஒளி மட்டுமே எஞ்சும் நிழலில் 7000-க்கு மேலும் செல்ல நேரும். ஆனால் அந்த நீலத்தை முழுவதும் அகற்றிவிட்டால் மாலை நேரம் நண்பகலாகிவிடும், ஆகவே கொஞ்சம் விட்டுவையுங்கள். ஐட்ராப்பர் கருவியால் வேட்டியைத் தொட்டு வெள்ளையைக் காட்டும் பழக்கமும் ஏமாற்றக்கூடியது. நீலம் போட்டு வெளுத்த துணியை நடுநிலை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் படம் முழுவதும் மஞ்சள் படியும். சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வது நம்பகமானது. வயலுக்குள் நிற்பவர் முகத்தில், குறிப்பாகத் தாடைக்குக் கீழே, நெற்பயிரின் பச்சை எதிரொளிக்கும். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (கருஞ்சிவப்பு கலந்த ஊதா) இடையே நிறத்தை மாற்றும் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் சற்றே நகர்த்தினால் தோல் நிறம் சீராகும்.

படத்தின் மொத்த வெளிச்சமான எக்ஸ்போஷரைச் சரிசெய்தபின், இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடான கான்ட்ராஸ்டுக்கு வாருங்கள். பனிமூட்டமான காட்சியின் ஹிஸ்டோகிராம் (இருள் முதல் வெளிச்சம் வரை புள்ளிகள் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) இயல்பாகவே நடுவில் குறுகியிருக்கும்; அதை இரு முனைகளுக்கும் இழுத்தால் மலைமேல் இருந்த சாரல் காணாமற்போகும். நனைந்த மரத்தின் அடி, வீட்டு வாசலின் உள்ளிருட்டு போன்று உண்மையிலேயே கரிய இடம் ஒன்று படத்தில் இருந்தால் மட்டும் அதைக் கருமைக்குக் கொண்டுசெல்லுங்கள். மூட்டத்தை நீக்கிக் காட்டும் டீஹேஸைத் தொடாமலே விடலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒன்றாக வளைக்கும் டோன் கர்வில் கான்ட்ராஸ்ட் கூடும்போது நிறச் செறிவும் உடன் கூடும் என்பதால், கான்ட்ராஸ்ட் முடிந்த பிறகு பார்த்தால் பெரும்பாலும் சாச்சுரேஷனுக்குத் தேவையே இருக்காது.

அப்படியும் நிறம் போதவில்லையென்றால் வைப்ரன்ஸைச் சிறிதளவு கூட்டலாம். அது மங்கிய நிறங்களையே அதிகம் உயர்த்தி, தோல் நிறத்தைப் பெரும்பாலும் காக்கிறது. இளம் நெல்லின் பச்சையில் மஞ்சளின் பங்கு மிகுதி. அது கூசும்படி ஒளிரும்போது பச்சை ஸ்லைடரோடு நில்லாமல் மஞ்சள் ஸ்லைடரின் செறிவையும் குறைத்துப் பாருங்கள். குங்குமம், செம்பருத்தி போன்ற சிவப்புகளில் மடிப்பும் இதழ் நரம்பும் மறைந்து ஒரே பரப்பாகத் தெரிந்தால், சிவப்புச் சேனல் மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். அங்கே சிவப்பின் செறிவைக் குறைக்க வேண்டும்.

திரையின் வெளிச்சத்தை மிகையாக வைத்துத் திருத்தினால் படம் பிறர் திரையில் இருண்டு தெரியும் என்பதால் அதை மிதமாக வைத்துக்கொண்டு, கைப்பேசியில் பார்ப்பவர்களுக்கு பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளியில் ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள்.