சண்டைக்கும் ஊருக்கும் பேர் வைக்கிறப்ப நாம விடுற பிழைகள்

1818ல இலங்கையோட ஊவா வெல்லஸ்ஸ பக்கம் வெள்ளைக்காரனுக்கு எதிரா நடந்தது கலகமா, கிளர்ச்சியா, விடுதலைப் போரா, இல்ல மூணாம் கண்டிப் போரா? விக்கிப்பீடியால எழுதினாலும் சரி, ஸ்கூல் மலருக்கு ஊர் வரலாறு எழுதினாலும் சரி, முதல் வரி தாண்டுறதுக்குள்ள இந்த அடிபிடி வந்துரும். மலையகத்துல இருந்து எழுதுறவங்களுக்கு இது கொஞ்சம் கூடவே வரும், இங்க ஒரு மலைக்கே நாலு பேர்.

அடிக்கடி நடக்குற பிழை, நமக்கு எந்தப் பக்கம் நியாயம்னு படுதோ அந்தப் பக்கத்துப் பேரைத் தலைப்புல போட்டுட்டு மத்ததெல்லாத்தையும் அழிக்கிறது. "கலகம்"னு போட்டா, 1815 மார்ச் 2ல கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானதோட வெள்ளைக்காரன் முறையா ஆட்சிக்கு வந்துட்டான், அவனுக்கு எதிரா எழும்பினது குற்றம்னு ஒரு தீர்ப்பும் சேர்ந்தே உள்ள வந்துருது. ஆனா எழும்பினவங்க தங்களுக்குன்னு ஒரு அரசரை வச்சிருந்தாங்க, புத்தரோட பல்லுன்னு வணங்குற புனித தந்தமும் கொஞ்ச காலம் அவங்க கையில இருந்துச்சு, அரசரும் தந்தமும் இருக்குற பக்கம்தான் ராஜ்ஜியம்ங்கிறது கண்டிக்காரங்க கணக்கு, அதனால அதைப் போர்னு சொல்றவங்க சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லல. அந்த அரசரோட பேர் துரைசாமி. பேரப் பாத்தவுடனே "தமிழ் அரசர் நடத்தின போர்"னு எழுத நம்மாளுங்களுக்குக் கை துறுதுறுங்கும், பொறுங்க, அவர் வில்பாவேங்கிற முன்னாள் பிக்கு, பதவி போன கண்டி அரசர், அதாவது தென்னிந்தியாவுல இருந்து வந்த நாயக்கர் பரம்பரை அரசரோட சொந்தக்காரர்னு சொல்லிக்கிட்டு வந்தவர். கெப்பட்டிபொல திசாவையும் (திசாவைன்னா பிரதேசத் தலைவர்) அப்படித்தான், ஒரே வரில வீரர்னு முடிச்சா கதை பாதிதான், கிளர்ச்சியை அடக்கச் சொல்லி அவரை அனுப்பினதே ஆங்கில அரசாங்கம், போன இடத்துல அந்தப் பக்கம் சேர்ந்துட்டார், 1818 நவம்பர் 26ல ஆங்கிலேயர் அவரைக் கொன்னாங்க.

அதனால தலைப்புல வருசத்தைப் போடுங்க. "1817-1818 ஊவா கிளர்ச்சி"ன்னு வச்சுட்டு, முதல் பந்திலயே யார் இதைக் கலகம்ங்கிறாங்க, யார் விடுதலைப் போர்ங்கிறாங்கன்னு ஆளோட சேர்த்து எழுதிரணும். வருசத்தோட யாரும் சண்டைக்கு வர்றதில்ல. இன்னொண்ணு, அந்தத் தலைவர்களைத் துரோகின்னு அப்ப ஒரு கெசட் போட்டாங்க, 2016ல அதை ரத்துப் பண்ணினாங்க. ரத்தாயிருச்சேன்னு சொல்லி கெசட் வந்த கதையையே வெட்டி எறியிறாங்க சிலபேர், அப்புறம் எதை ரத்துப் பண்ணினாங்கன்னு வாசிக்கிறவனுக்கு எப்படி விளங்கும்?

நம்பர் போடுறதுலயும் கவனம் வேணும். "முதலாம் கண்டிப் போர்"னா 1803ல தொடங்கினதைச் சொல்றது, ஆனா கண்டி அதுக்கு முந்தியே 1594ல தந்துரே, 1638ல கன்னொறுவைன்னு போர்த்துக்கீசரோட மோதி, 1760கள்ல ஒல்லாந்தரோடயும் மோதியிருக்கு. அந்த "முதலாம்" ஆங்கிலேயர் போட்ட கணக்கு. பேரை மாத்த வேணாம், "ஆங்கிலேயருக்கும் கண்டிக்கும் நடந்த"னு ஒரு வார்த்தை கூடப் போட்டா போதும். மூணாவதுன்னு 1818ஐச் சேர்க்குறவங்களும் இருக்காங்க, ரெண்டோட நிறுத்துறவங்களும் இருக்காங்க, எந்தப் புத்தகத்து எண்ணிக்கைன்னு சொல்லிருங்க.

இன்னிக்கு மேப்பை அன்னிக்கு மேல விரிக்கிறதும் வேணாம். "1818ல ஊவா மாகாணத்துல"ன்னு எழுதுறாங்க, மாகாணமே 1886லதான் வந்துச்சு. ஸ்ரீலங்காங்கிற பேர் 1972ல வந்தது, அதுக்கு முந்தின சம்பவத்துல அதைப் போடுறதும் இதே கேஸ்தான்.

இதெல்லாத்தையும் விட எனக்குக் கோவம் வர்றது மேற்கோள்ல கை வைக்கிறதுல. கண்டி ஒப்பந்தத்துல நாயக்கர் பரம்பரையை "மலபார்"னுதான் எழுதியிருக்கு, அவங்களுக்கு இனி அரியணைல உரிமை இல்லன்னு சொல்ற இடத்துல. அதைத் "தமிழர்"னு மாத்தி மேற்கோள் குறிக்குள்ள போடுறது பச்சப் பொய். நம்ம சனத்தை 1911 சென்சஸ்ல இந்தியத் தமிழர்னு தனியாப் பிரிச்சாங்க, எனக்கும் அந்தப் பேர் பிடிக்காதுதான், ஆனா அந்த அட்டவணையைக் காட்டுறப்ப "மலையகத் தமிழர் 1911"னு தலைப்பு மாத்தினா யார் பிரிச்சாங்க எப்பப் பிரிச்சாங்கங்கிற தடயமே போயிரும். உங்க சொந்த வரில மலையகத் தமிழர்னு தாராளமா எழுதுங்க, பத்திரத்துல இருக்கிறது அப்படியே இருக்கட்டும்.

இனி அந்த மலை. சிவனொளிபாதம், ஸ்ரீபாத, சமனல கந்த, ஆதம் மலை. இதுல எது முந்தின பேர்னு தேடிப் போனா விடிய விடிய சண்டைதான், ஏன்னா ஒவ்வொரு சமயத்துக்காரங்களும் தங்களோட பழைய யாத்திரிகரைக் கூட்டிட்டு வருவாங்க, முஸ்லிம் பக்கம் 1344ல வந்த இபின் பதூதா இருக்கார். தமிழ்க் கட்டுரைன்னா தமிழ் வாசகர் தேடுற பேர் தலைப்புல, மத்த மூணும் வழிமாற்றா (அந்தப் பேரைத் தேடினாலும் இதே பக்கத்துக்கு வர்ற மாதிரி), முதல் வரில நாலும். ஊர்ப் பேரு அட்டனா ஹட்டனாங்கிறதுக்கும் இதே வைத்தியம், எழுத்துக்கூட்டலுக்காக ராவு முழுக்க முழிச்சிருக்கத் தேவையில்ல. கூகுள்ல எத்தனை ரிசல்ட் வருதுன்னு எண்ணிக் காட்டுறதும் ஆதாரம் இல்ல, ஒரே செய்தியை அம்பது சைட் காப்பி அடிச்சா அம்பதுன்னுதான் காட்டும்.

தேயிலைத் தோட்டப் பேர்லதான் நாம ஏமாறுறது. போர்டுல ஸ்கொட்லாந்து ஊர்ப் பேர் இருக்கும், சனம் சொல்றது வேற பேர், மேல்கணக்கு கீழ்க்கணக்குன்னு உள்ளுக்க இன்னும் பிரிவு. "வாய்ப்பேச்சு, ஆதாரம் இல்ல"ன்னு யாராவது அழிச்சா பேசாம விட்டுராதீங்க, இலங்கைத் தோட்டங்களைப் பட்டியல் போட்ட பழைய பெர்குசன் டைரக்டரிகள்ல தோட்டங்களோட தமிழ்ப் பேரையும் அச்சடிச்சிருக்காங்க. அதைத் தேடி எடுத்து, வருசமும் பக்கமும் போட்டு, திரும்ப ஏத்துங்க.