கல்யாண டிவிடியை எம்பி4 ஆக மாற்றுவது எப்படி? தள்ளிப்போன சத்தத்தைச் சரிசெய்வது எப்படி?

திருப்பரங்குன்றத்தில் நடந்த எங்கள் சித்தியின் கல்யாண டிவிடி போன மாதம் என் கைக்கு வந்தது. "டிவியில பென்டிரைவ் சொருகிப் பார்க்கிற மாதிரி மாத்திக் குடு தம்பி" என்றார் சித்தி. மாற்றிப் போட்டுப் பார்த்தால், தவில்காரர் கழியை அடித்துக் கையை எடுத்த பிறகுதான் சத்தம் வருகிறது. இப்படி எத்தனையோ வீடுகளில் இருக்கும். சரி, முதலிலிருந்து போவோம்.

தேவையான மென்பொருள்கள் மூன்று: ஓட்டிப் பார்க்க வி.எல்.சி, எம்பி4 ஆக மாற்ற ஹேண்ட்பிரேக், படத்தையும் சத்தத்தையும் சேர்க்க எம்.கே.வி டூல்நிக்ஸ். சத்தம் போகப் போகத் தள்ளிப்போனால் மட்டும் ஆடாசிட்டி என்ற ஆடியோ மென்பொருளும் வேண்டும். எல்லாமே இலவசம்.

முதலில் டிவிடியில் உள்ள வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். உள்ளே விஓபி ஃபைல்கள் இருக்கும். ஒரே படம்தான்; டிவிடி முறைப்படி ஒரு ஜிபி அளவில் துண்டுபோட்டு வைத்திருப்பார்கள். நான் செய்த தவறு இங்கேதான். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றி ஒட்டினேன். ஒட்டிய இடம் தாண்டியதும் சத்தம் நழுவிவிட்டது. முழு ஃபோல்டரையும் ஹேண்ட்பிரேக்கில் இழுத்துப் போடுங்கள். வரும் பட்டியலில் நீளமானதுதான் பெரும்பாலும் கல்யாணம்.

மாற்றுவதற்கு முன் அசலை வி.எல்.சி-யில் ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என மூன்று இடங்கள் போதும். எல்லா இடத்திலும் சத்தம் ஒரே அளவு தள்ளியிருக்கிறதா, போகப் போகக் கூடுகிறதா? இதைத் தெரிந்துகொள்ளாமல் எதிலும் கை வைக்காதீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எந்த இடத்தைப் பார்ப்பது? நம்மூர்க் கல்யாண வீடியோவில் பாதிக்கு மேல் சினிமாப் பாட்டு ஏற்றியிருப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. கெட்டிமேளமும் உதவாது, அடி மேல் அடி விழுவதால் எந்த அடிக்கு எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியாது. தவில்காரர் வாசிப்புக்கு முன் ஒற்றை அடி போட்டுப் பார்ப்பார் இல்லையா, அந்த இடம்தான் சரி. கழி தோலில் படுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பாலத்திலிருந்து போனில் எடுத்திருந்தால், தூரத்து வெடியை வைத்து அளக்காதீர்கள். சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி வெடித்தால் 0.3 வினாடி கழித்துத்தான் வந்து சேரும். அது பிழையே இல்லை. பக்கத்தில் நிற்பவரின் உதட்டையோ கைதட்டலையோ பாருங்கள். சத்தம் கொஞ்சம் பிந்தினால் நம் காது பொறுத்துக்கொள்ளும், முந்தினால் உடனே உறுத்தும்.

இப்போது ஹேண்ட்பிரேக். ஃபார்மட் எம்பி4, வீடியோ எச்.264, ஆடியோ ஏஏசி. இந்தக் கூட்டணி ஏறக்குறைய எல்லா டிவியிலும் போனிலும் ஓடும். ஃப்ரேம்ரேட்டில் (வினாடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், என்ற கணக்கு) 'சேம் ஆஸ் சோர்ஸ்', அதன் கீழே 'கான்ஸ்டன்ட்' என்று வையுங்கள். போனில் எடுத்த வீடியோவுக்கு இது மிக முக்கியம். போன் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஃப்ரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைச் சீராக எண்ணி, சத்தத்தை நழுவவிடும். தரத்தைக் குறிக்கும் ஆர்.எஃப் எண் 20 போதும். எண் குறைந்தால் தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆட்கள் நகரும்போது ஓரம் சீப்புப் பல் போலத் தெரிந்தால், ஃபில்டர்ஸில் டீஇன்டர்லேஸைப் போட்டுவிடுங்கள். 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' கொடுத்து இரண்டு நிமிடம் மட்டும் மாற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுதும் ஓட்டலாம்.

மாற்றிய பிறகும் சத்தம் ஒரே அளவாகத் தள்ளியிருக்கிறதா? வி.எல்.சி-யில் அந்தத் தவில் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். விண்டோஸில் 'ஜே' எழுத்தை ஒரு தடவை அழுத்தினால் சத்தம் 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும், 'கே' அழுத்தினால் அதே அளவு பின்னால் போகும். அடியும் சத்தமும் ஒன்றாக விழும்போது திரையில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 'ஜே' எட்டுத் தடவை, அதாவது கழித்தல் 400.

ஆனால் வி.எல்.சி இதை ஃபைலில் எழுதாது. எம்.கே.வி டூல்நிக்ஸில் வீடியோவைத் திறந்து, ஆடியோ வரியைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் உள்ள 'டிலே' கட்டத்தில் அதே எண்ணைக் கழித்தல் குறியோடு போடுங்கள். எம்.கே.வி என்ற வகை ஃபைலாக வெளியே வரும். படத்தை மறுபடி மாற்றாமல், படமும் சத்தமும் அடங்கிய பெட்டியை மட்டும் மாற்றுவதால் தரம் துளியும் குறையாது, வேலையும் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

போகப் போகக் கூடும் பிழைக்கு 'டிலே' பயன்படாது. தொடக்கத்தில் சரியாக இருந்து, ஒரு மணி நேர முடிவில் சத்தம் 2 வினாடி பிந்துகிறது என்றால் ஆடியோதான் நீளம். ஆடாசிட்டியில் அந்த ஆடியோவைத் திறந்து 'சேஞ்ச் டெம்போ'வுக்குப் போங்கள். நீளம் 3602 வினாடி என்று காட்டினால் 3600 ஆக்குங்கள். சுருதி மாறாது, நாதஸ்வரம் கெடாது. தரம் குறையாத ஃபிளாக் என்ற ஆடியோ வகையில் சேமித்து, எம்.கே.வி டூல்நிக்ஸில் வீடியோவோடு சேர்த்து, பழைய ஆடியோ வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். உங்கள் டிவி எம்.கே.வி ஃபைலை எடுக்கவில்லை என்றால் கடைசியாக ஒருமுறை ஹேண்ட்பிரேக்கில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. சித்தி வீட்டுப் பழைய டிவி, பெரிய ஃபைல் ஏறும் எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்கவில்லை. ஆர்.எஃப் எண்ணை 23 ஆக்கி மறுபடி ஓட்டினேன், ஃபைல் அளவுக்குள் அடங்கியது. காப்பி செய்த வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை மட்டும் அழிக்கவில்லை. டிவிடியில் ஏற்கெனவே கீறல் விழ ஆரம்பித்துவிட்டது.