மலைமேல் பழைய அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு ஷெட்டில் இதுவரை இரண்டு அம்பாசிடர்களுக்கு எஞ்சின் மாற்றியிருக்கிறேன். அதில் முதல் வண்டிக்கு மாற்றியிருக்கவே வேண்டாம். இது தெரியவர ஏழு மாதமும் நிறையப் பணமும் செலவாயிற்று. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் பழைய வண்டியைத் தூசி தட்டி எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியில் சரியாக இருக்கும் பல கணக்குகள் மலைக்கு வந்தால் மாறிவிடும். நான் செய்த தவறுகளும் மற்றவர்கள் செய்யப் பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இதை மறந்ததால் வந்தவைதான்.

அந்த முதல் வண்டி மாமாவுடையது. 1982 மாடல், மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். குன்னூரில் ஆறு வருடம் ஷெட்டிலேயே கிடந்தது. கிளப்பினால் ஓடியது, ஆனால் ஏற்றத்தில் இழுக்கவில்லை, சைலன்சரில் கரும்புகை வந்தது. கீழே இருந்து வந்த ஒரு மெக்கானிக் பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். நாலு சிலிண்டரிலும் 110 பிஎஸ்ஐ பக்கம் காட்டியது. "140 இருக்கணும் சார், ரிங் போயிருச்சு, வேற எஞ்சின் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் பிடிக்கும் வளையம். கோவையில் அலைந்து ஒரு பழைய எஞ்சின் வாங்கி, கஷ்டப்பட்டு மாட்டி முடித்தோம். ஏற்றத்தில் பழைய கதைதான். அளந்து பார்த்தால் 112.

கேத்தியில் மலை வண்டிகளிலேயே காலம் கழித்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, இதே எஞ்சினை மேட்டுப்பாளையத்துல வச்சு அளந்து பாரு, 140 காட்டும்" என்றார்.

அவர் சொன்னதற்குக் காரணம் எளிது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 76 சதவீதம். பிஸ்டன் உள்ளே இழுக்கும் காற்றே குறைவு என்றால் அதை அழுத்தினால் வரும் எண்ணும் குறையத்தான் செய்யும். கீழே 140 காட்டும் நல்ல எஞ்சின் குன்னூரில் 112, ஊட்டியில் 106 பக்கம் காட்டும். எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது. கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல்தான், அங்கும் இதே நிலைதான்.

அதனால் தனி எண்ணைப் பார்த்து எஞ்சினைக் கழற்ற முடிவு செய்யாதீர்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அங்கே கோளாறு. அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ சந்தேகப்படலாம், அதற்கு எஞ்சினை இறக்கவே வேண்டாம், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை மட்டும் எடுத்தால் போதும். அளக்கும்போது நாலு பிளக்கும் வெளியே இருக்கட்டும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடியுங்கள், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கட்டும். மார்கழிக் குளிரில் சோர்ந்த பேட்டரி எஞ்சினை மெதுவாகத்தான் சுற்றும், எண்ணும் பொய்யாகக் குறையும்.

சரி, அந்தக் கரும்புகை? கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம், நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கார்ப்பரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான மெயின் ஜெட், கீழே உள்ள அடர்த்தியான காற்றுக்கு அளவெடுத்தது. மேலே காற்று மெலிந்து பெட்ரோல் அதே அளவு போனால் கலவை கனத்துவிடும், பிளக்கின் முனை கரி பூசியது போல் கறுத்துவிடும். ஒரு சைஸ் சின்ன ஜெட் போட்டிருந்தாலே மாமாவின் வண்டி ஏற்றத்தில் நன்றாக ஓடியிருக்கும். வெள்ளைப்புகையைப் பார்த்துப் பயந்துபோய் ஹெட்டைக் கழற்றியவர்களும் உண்டு. காலைக் குளிரில் சைலன்சரில் வருவது பெரும்பாலும் நீராவிதான், நம் வாயிலிருந்து வருகிறதே, அது மாதிரி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

எஞ்சின் வாங்கும் இடத்தில்

உண்மையாகவே எஞ்சின் போய்விட்ட வண்டியும் உண்டு. எனக்கு வந்த இரண்டாவது வண்டி அப்படித்தான், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கே வெடித்திருந்தது. சென்னை புதுப்பேட்டையானாலும் கோவையானாலும் பழைய எஞ்சினைக் கிளப்பிக் காட்டினால் போதும் என்று வாங்கிவிடாதீர்கள். ஹெட்டின் மேல் இருக்கும் டாப்பெட் கவரைக் கழற்றி உள்ளே பாருங்கள். மோர் மாதிரி வெளுத்த பசை படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டமான தகர மூடிகளை, வெல்ஷ் பிளக் என்பார்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். துரு அரித்ததாக இருந்தால் செலவைப் பார்க்காமல் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் போன பிறகு பின்பக்கம் இருப்பதற்குக் கை எட்டாது.

ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போது எக்சாஸ்ட் வால்வு சீட்டுகளையும் கெட்டியான உலோகத்தில் மாற்றச் சொல்லுங்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈயம் இல்லாத பெட்ரோல்தான். அதற்கு முந்தைய ஹெட்டுகளில் அந்த ஈயம்தான் வால்வு சீட்டைத் தேயாமல் காத்தது. மலை ஏற்றத்தில் எஞ்சின் நீண்ட நேரம் முழு மூச்சில் வேலை செய்வதால் இங்கே தேய்மானம் சீக்கிரம் தெரியும்.

பலருக்கு வரும் ஆசை, 1489-க்குப் பதிலாகப் பின்னால் வந்த இசுசு 1.8 லிட்டர் எஞ்சினைப் போட்டுவிடலாம் என்பது. நல்ல எஞ்சின்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு ஐந்து கியர் பெட்டி, வேறு எஞ்சின் பவுண்டேஷன், வேறு அளவு புரொப்பெல்லர் ஷாப்ட், ரேடியேட்டர் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். வீட்டு ஷெட்டில் முதல் முறை வேலை செய்பவர் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பில் இல்லாத எஞ்சினை மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். எஞ்சின் மாற்றினால் அது ஆர்.சி. புத்தகத்தில் ஏற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் இல்லாவிட்டால் எஃப்.சி. புதுப்பிக்கப் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது, பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் வைக்க நினைத்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

தூக்குவதும் இறக்குவதும்

மலையில் தட்டையான இடம் கிடைப்பது அபூர்வம். வீடே படிக்கட்டு மாதிரிக் கட்டியிருப்போம், ஷெட்டின் தரையும் மழைத்தண்ணீர் ஓடச் சரிவாகத்தான் இருக்கும். ஹேண்ட் பிரேக்கை நம்பி ஜாக்கி போடாதீர்கள். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகுதான் கீழே போக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, தகர ஷெட்டின் மரச்சட்டத்தில் செயின் பிளாக்கை மாட்டுவது. இந்த எஞ்சின் 150 கிலோவைத் தொடும். நீலகிரியின் ஈரத்தில் சுவரோடு சேரும் இடத்தில் மரம் உளுத்திருக்கும், வெளியே பெயிண்ட் பளபளவென்றுதான் இருக்கும். நாங்கள் எஞ்சினைத் தொங்கவிட்ட பத்தாவது நிமிடம் சட்டத்திலிருந்து மரத்தூள் பொலபொலவென்று பானெட் மேல் கொட்டியது. மாமா பார்த்துக் கத்தியதால் கீழே டயர் அடுக்கி இறக்கினோம். அதன் பிறகு மூன்று கால் இரும்பு முக்காலியை வாடகைக்கு எடுத்துத்தான் வேலை செய்கிறேன்.

இறக்கும்போது ஒயர்களுக்குத் துணி பிளாஸ்டரில் எண் எழுதி ஒட்டுவது, போல்ட்டுகளை இடம் வாரியாக டப்பாவில் போடுவது, போன் கேமராவில் படம் எடுப்பது எல்லாம் நீங்களே செய்வீர்கள்.

மாட்டும்போது கவனம் முழுக்க கிளட்சில் இருக்கட்டும். கியர் பெட்டியிலிருந்து நீண்டிருக்கும் ஷாப்ட், கிளட்ச் பிளேட்டின் நடுப்பல்லுக்குள் நுழைந்து, பிளைவீலின் நடுவில் உள்ள சிறிய புஷ்ஷில் போய் உட்கார வேண்டும். பழைய ஷாப்ட் ஒன்றை டம்மியாக வைத்து பிளேட்டை நடுவாக்கிய பிறகே பிரஷர் பிளேட்டை இறுக்குங்கள். எஞ்சின் கடைசி ஓர் அங்குலம் உள்ளே போகாமல் நிற்கும். அப்போது போல்ட்டைப் போட்டு இறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுக்காதீர்கள், ஹவுசிங்கின் காது உடைந்துவிடும். டாப் கியரில் போட்டு, கிராங்க் கப்பியைக் கையால் சற்றே திருப்பிக்கொண்டு எஞ்சினை லேசாக ஆட்டினால், "டக்" என்று தானாகப் போய் உட்காரும். எஞ்சினின் கனம் ஒரு நிமிடம்கூட அந்த ஷாப்ட்டின் மேல் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட் வளைந்து, ஏற்றத்தில் வண்டி நடுங்கும், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் தேடுவீர்கள்.

முதல் ஸ்டார்ட்

நீண்ட நாள் நின்ற எஞ்சினின் பேரிங்கில் ஆயில் இருக்காது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ப் மோட்டாரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். அப்புறம்தான் பிளக்கைப் போட்டுக் கிளப்ப வேண்டும்.

கிளப்பும்போது ஷெட் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குளிருக்கும் மூடுபனிக்கும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சின் ஓட்டுபவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன், பார்க்கும் ஒவ்வொரு முறையும் சண்டை போட்டிருக்கிறேன். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றுவது தெரியும்போது எழுந்து கதவு வரை போகத் தெம்பு இருக்காது.

வண்டி சூடாகிறது என்றதும், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது சமவெளிப் பழக்கம். இங்கே அதைச் செய்தால் எஞ்சின் சூடே ஆகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும், புதிதாகப் போட்ட ரிங் வீணாகும். உண்மையில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடி. ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். மூடி சரியாக அழுத்தம் பிடித்தால்தான் அந்தக் கொதிநிலை உயரும். நல்ல மூடியும், துருவைத் தடுக்கும் கூலன்ட்டும் போட்டுவிடுங்கள்.

பெட்ரோல் டியூப்களையும் மாற்றுங்கள். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பரை அது இளக்கிவிடும். காற்றின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்ளும், பாதி டேங்க்கோடு மழைக்காலம் முழுக்க நிறுத்தினால் உள்ளே துருப் பிடிக்கும்.

வடித்த பழைய ஆயிலை வீட்டுப் பின்னால் ஓடையில் ஊற்றிவிடுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. நம் ஓடைத் தண்ணீரைக் கீழே எத்தனையோ ஊர்கள் குடிக்கின்றன. கேனில் பிடித்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள், பணமும் தருவார்.

மலை இறங்கும் முன்

எஞ்சின் ஓடிய சந்தோஷத்தில் அன்றைக்கே மேட்டுப்பாளையம் வரை ஓர் ஓட்டு ஓட்டிவிட்டு வரலாம் என்று கிளம்புவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு. என்னைக் கேட்டால் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே பிரேக்கை முடித்திருக்க வேண்டும். இந்தப் பழைய வண்டிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். ஒரு டியூப் கசிந்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் பொருள். வருடக்கணக்காக மூடுபனியில் நின்ற வண்டியில் அது பாதி தண்ணீர் மாதிரி ஆகியிருக்கும், தொடர்ந்து இறங்கும்போது கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரிப் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் வாஷர்கள், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாமே புதிதாக இருக்கட்டும்.

முதல் 500 கிலோமீட்டரை மேலேயே ஓட்டுங்கள். குன்னூரிலிருந்து வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று ஏறி இறங்கினாலே எஞ்சினுக்குப் போதுமான பழக்கம் வரும். ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி சரிபார்த்து, வால்வுகளின் டாப்பெட் இடைவெளி பாருங்கள். அப்புறம் ஒரு நாள், கூட்டம் இல்லாத விடியலில், ஏறும்போது எந்த கியர் போடுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மேலே சின்ன ஜெட் போட்டு, பிளக்கில் பொறி விழும் நேரமான டைமிங்கையும் கொஞ்சம் முன்னால் வைத்திருந்தால், கீழே போனதும் எஞ்சின் கிணுகிணுவென்று தட்டும், திரும்பி ஏறுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பர்லியாரில் கட்டாயம் நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகத் தகித்தால் அந்த வீல் சிலிண்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது ஆறும்வரை நின்று, அங்கிருந்தே மெதுவாகத் திரும்பி மேலே வந்துவிடுங்கள்.