"மூணு வாட்டி படிச்சிட்டேன் மிஸ்": படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் 4 எழுதப்போகிற நாலைந்து பேர். போன ஜூலையில் ஒரு பையன் வேலூர்ப் புரட்சிப் பாடத்தோடு வந்தான். பக்கம் முழுக்க மஞ்சள் மார்க்கர். "மூணு வாட்டி படிச்சிட்டேன் மிஸ்" என்றான். சரி, புத்தகத்தை மூடிவிட்டுக் கதை மாதிரி சொல்லு என்றேன். "1806... ஜூலை 10... சிப்பாய்ங்க... தலைப்பாகை..." அதோடு வண்டி நின்றுவிட்டது. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்தது, நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது என்று வந்த உத்தரவு, ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கியது, எதுவும் வரவில்லை. இத்தனைக்கும் அவன் பஸ் தினமும் கோட்டை அகழியை ஒட்டித்தான் போகிறது.

அவன் பொய் சொல்லவில்லை. மூன்று முறை படித்தது உண்மைதான். ஒவ்வொரு முறையும் வரிகள் இன்னும் கொஞ்சம் தடங்கலில்லாமல் ஓடியிருக்கும். அந்த ஓட்டத்தைத்தான் மனசு 'படிச்சாச்சு' என்று கணக்கில் எழுதிக்கொண்டது. பார்த்துப் பழகியிருப்பது வேறு, நாமாக எடுத்துச் சொல்ல முடிவது வேறு. 1979இல் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்கர்களிடம் அவர்கள் ஊர் ஒரு சென்ட் காசை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். வாழ்நாள் முழுக்கக் கையில் புழங்கிய காசு. தலை எந்தப் பக்கம் பார்க்கிறது, எழுத்து எங்கே இருக்கிறது என்பதில் பெரும்பாலோர் கோட்டைவிட்டார்கள். நம் ஐந்து ரூபாய் காசை வைத்து நீங்களும் வரைந்து பாருங்கள்.

ஆக, முதல் தவறு இதுதான்: திரும்பத் திரும்ப வாசிப்பதையே படிப்பு என்று நினைத்துக்கொள்வது. செயின்ட் லூயிஸில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையை நான் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வேன். மாணவர்களுக்கு ஒரு சின்னக் கட்டுரை. ஒரு பிரிவு அதை இரண்டு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, அப்புறம் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ். இரண்டு முறை படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. முதல் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற அந்த வெற்றிதான் ஆளை ஏமாற்றுகிறது.

கேள்வி கேட்பது மார்க் போடுவதற்கு என்றுதான் நாம் நினைக்கிறோம். நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போதே அது பலப்படுகிறது. திண்ணைப் பள்ளிக் காலத்து ஒப்பித்தலை இப்போது எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதுதான் தப்பு. பார்க்காமல் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. 2013இல் டன்லாஸ்கியும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன. அடிக்கோடு போடுவதும் மறுவாசிப்பும் கீழே போயின. எங்கள் டியூஷனில் மார்க்கருக்குத் தடை இல்லை. பக்கத்துக்கு ஒரு வரி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

இரண்டாவது, பரீட்சைக்கு முந்தின ராத்திரி. பாலாற்றில் வெள்ளம் வந்தால் பாலத்தில் நின்று வேடிக்கை பார்ப்போம், கொஞ்ச நாளில் மறுபடி மணல்தான் தெரியும். ஒரே ராத்திரியில் முட்டி மோதிப் படித்ததும் அப்படித்தான். அது வேலையே செய்யாது என்று சொல்ல மாட்டேன். நாளைய யூனிட் டெஸ்ட்டுக்குச் செய்யும். அதனால்தான் பிள்ளைகள் அதை நம்புகிறார்கள். திருப்புதல் தேர்வு வரும்போது அதே பாடம் புதிதாகத் தெரியும்.

எவ்வளவு இடைவெளி விடலாம்? செபெடாவும் மற்றவர்களும் 2008இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தார்கள். எத்தனை நாள் கழித்து அது நமக்குத் தேவை என்பதைப் பொறுத்து இடைவெளியும் நீள்கிறது. ஒரு வாரத்தில் தேர்வு என்றால் ஒன்றிரண்டு நாள் விட்டு மறுபடி பார்த்தால் நல்லது. ஒரு வருடம் நிற்க வேண்டும் என்றால் மூன்று நாலு வாரம் விடலாம். ஜூனில் நடத்திய பாடத்தை மார்ச்சில் எழுத வேண்டிய பிளஸ் டூ பிள்ளைக்கு, ஜூலையில் ஒரு நாள் அரை மணி நேரம் மூடிய புத்தகத்தோடு உட்கார்ந்தாலே பெரிய லாபம்.

இங்கே ஒரு சின்னக் கோபம். '24 மணி நேரத்தில் 70 சதவீதம் மறந்துவிடும்' என்று கோச்சிங் சென்டர் போஸ்டர்களில் ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். அது ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அவர் சோதித்தது ஒரே ஆளை, அதுவும் தன்னையே. மனப்பாடம் செய்தது அர்த்தமே இல்லாத அசைகளை. அளந்தது, மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை. ஒரு நாள் கழித்துச் சுமார் மூன்றில் ஒரு பங்கு மிச்சமானது. முதலில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் மறக்கிறோம் என்ற அவருடைய கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது. அதற்காகப் பொருள் புரிந்து படித்த பாடத்துக்கும் அதே சதவீதத்தை ஒட்டுவது நியாயமில்லை.

மூன்றாவது தவறைக் கணக்கில்தான் அதிகம் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் அளவியல் இருக்கிறது: உருளை, கூம்பு, கோளம், இடைக்கண்டம். பிள்ளைகள் கூம்புக் கணக்கு பத்தையும் வரிசையாகப் போடுவார்கள், அப்புறம் கோளம் பத்து. மூன்றாவது கணக்கிலிருந்தே யோசிக்க ஒன்றும் இருக்காது, எண்ணை மட்டும் மாற்றி வைத்தால் விடை வந்துவிடும். பரீட்சையில் கேள்வி 'இது கூம்பு' என்று தலைப்புப் போட்டுக்கொண்டா வருகிறது? ஒரு குவியலாகக் கொட்டிய நெல் என்றுதான் வரும். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமான பாதி, அதை அவர்கள் பழகவே இல்லை.

ரோரர், டெய்லர் இருவரும் 2007இல் இதையேதான், அதுவும் கன உருவங்களின் கொள்ளளவை வைத்தே, சோதித்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. இதைப் படித்த பிறகு நான் பத்துக் கணக்கைத் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்கிறேன். முதல் வாரம் முழுக்கப் புலம்பல்தான். "முன்னல்லாம் நல்லா வந்துது மிஸ், இப்ப தப்பு தப்பா வருது" என்று ஒரு பெண் அழாத குறை. தப்பு வருகிற இடத்தில்தான் வேலை நடக்கிறது என்பதை அவள் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாக்கள் என்றதும் நினைவுக்கு வருகிறது. "எம்பொண்ணு விஷுவல் லேர்னர் மிஸ், படம் போட்டுச் சொன்னாத்தான் ஏறும்." இதை வாரம் ஒரு முறையாவது கேட்கிறேன். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், வாசித்துக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிக்கும் கேள்வித்தாளை நியூசிலாந்தின் நீல் ஃப்ளெமிங் 1990களில் பரப்பினார். ஒருவருக்குப் படம் பிடிக்கும், ஒருவருக்குப் பேச்சு பிடிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிடித்த வழியில் சொல்லிக்கொடுத்தால் மார்க் கூடுகிறதா? அதைக் காட்ட வேண்டுமானால் படப் பிரியருக்குப் படமும் பேச்சுப் பிரியருக்குப் பேச்சும்தான் அதிகம் உதவின என்று ஒரே தேர்வில் காட்ட வேண்டும். பாஷ்லர் உள்ளிட்ட நாலு பேர் 2008இல் கிடைத்த ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, அப்படிக் காட்டும் தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பாடம்தான் முடிவுசெய்கிறது. ஜவ்வாது மலை எங்கே, ஏலகிரி எங்கே என்பதற்கு வரைபடம் வேண்டும், யார் படித்தாலும் சரி. ஆங்கில உச்சரிப்புக்குக் காது வேண்டும். 'விஷுவல் லேர்னர்' மாதிரியான இந்தப் பட்டப்பெயரால் பெரிய கெடுதல் என்னவென்றால், 'நான் வாசிக்கிற ஆள் இல்லை' என்று பிள்ளை பதிமூன்று வயதிலேயே புத்தகத்தை ஒதுக்கிவிடுகிறது.

'இவன் வலது மூளைக்காரன், கணக்கு வராது' என்பதும் இந்த வகைதான். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை வெட்டப்பட்ட வலிப்பு நோயாளிகளை ஆராய்ந்து ரோஜர் ஸ்பெர்ரி 1981இல் நோபல் வாங்கினார். சில வேலைகளில் ஒரு பாதி முந்துகிறது என்பது உண்மை. ஆளையே அப்படி இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட ஆட்கள் யாரும் அதில் தென்படவில்லை.

கடைசியாக ஒன்று. பார்க்காமல் சொல்லிப் பார்த்துவிட்டு, சரியா தப்பா என்று புத்தகத்தைத் திறக்காமல் எழுந்துவிடுவது. இதை நானே பல நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். அந்தப் பையன் அடுத்த வாரம் வந்து, கில்லெஸ்பி சென்னையிலிருந்து வந்தான் என்று அடித்துச் சொன்னான். திறந்து பாருடா என்றேன். பார்த்தான். "நம்ம ஆற்காடா மிஸ்?" என்று முகமே மாறிவிட்டது. உறுதியாக நம்பிச் சொன்ன தப்பைத் திருத்தினால், அரைகுறை நம்பிக்கையோடு சொன்னதைத் திருத்துவதைவிட அது நன்றாக நிற்கிறது என்று பட்டர்ஃபீல்டும் மெட்கால்ஃபும் 2001இல் காட்டியிருக்கிறார்கள். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆற்காடு என்கிறான். புதுத் தலைப்பாகையில் தோலால் செய்த குஞ்சம் வைத்திருந்தார்கள் என்பதுதான் இன்னும் நழுவுகிறது. வியாழக்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.