கை விழுந்ததும் முதல் போன் யாருக்கு?

எங்கள் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து கை விழுந்தது காலை ஆறரை மணிக்கு. இரண்டாங்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார், டம்ளர் நழுவியது. எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. "ராத்திரி தூக்கமில்லை, கொஞ்சம் படுக்கட்டும்" என்று படுக்க வைத்தோம். எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன். அவர் வேலையில் இருந்தார். திரும்பக் கூப்பிட்டு "உடனே கிளம்புங்க" என்று சொன்னபோது மணி பதினொன்று. காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நாங்கள் காரில் ஏறும்போதே அந்த நேரம் முடிந்துவிட்டது.

செட்டிநாட்டில் பல வீடுகளின் நிலைமை இதுதான். பெரிய வீடு, உள்ளே வயதான இரண்டு பேர், பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ. பிள்ளைகளைக் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது என்று நினைக்கிறோம். மற்ற விஷயங்களுக்கு அது சரி, பக்கவாதத்துக்குச் சரிவராது. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. முகம் கோணுகிறதா, ஒரு கை தூக்க முடியவில்லையா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் முதல் போன் 108க்கு. பிள்ளைகளுக்கு ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம். நம் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். எந்தத் தெருவில் எந்த வாசல் என்று போனிலேயே சொல்லி, ஒருவரை வாசலில் நிறுத்துங்கள்.

பத்து நிமிடத்தில் கை தானாகச் சரியாகிவிட்டால் பலர் நிம்மதியாகி விட்டுவிடுகிறார்கள். குணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, அது ஒரு எச்சரிக்கை. அடுத்த ஓரிரு நாளிலேயே பெரியதாக வரலாம், அதனால் அன்றைக்கே போக வேண்டும். "நேரம் தாண்டிவிட்டது, இனி எதற்கு" என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் தவறு. ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டு அடைப்பை எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடப் பலன் தரும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அவர்கள் நேரத்தை அங்கிருந்துதான் எண்ணுவார்கள்.

போகும் இடத்திலும் கவனம் வேண்டும். முதலில் தெருமுனை கிளினிக், பிறகு இன்னொன்று என்று அலைவதில் ஒரு மணி நேரம் போய்விடும். சி.டி. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். காபி, தண்ணீர், சோடா எதுவானாலும் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதைப் பெருக்கும். பிரஷர் ஏறியிருக்கிறது என்று வீட்டிலேயே கூடுதல் மாத்திரை போட்டு இறக்குவதும் ஆபத்து. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "விரல் நுனியில் ஊசியால் குத்துங்கள்" வைத்தியத்துக்கும், புறா ரத்தம் தேய்ப்பதற்கும் எந்தப் பலனும் இல்லை, நேரம்தான் போகும்.

இனி, வராமல் காப்பது. அப்பத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அவருடைய முறுக்கு டின்னைத் திறந்து பார்த்தேன். பிரிக்காத பிரஷர் மாத்திரை அட்டைகள் பதினொன்று இருந்தன. "தலை சுத்தல் நின்னு போச்சு, எதுக்கு மாத்திரை" என்று நாலு மாதம் முன்பே நிறுத்தியிருக்கிறார். பக்கவாதத்துக்கு முதல் காரணமே உயர் ரத்த அழுத்தம், அதற்குப் பெரும்பாலும் அறிகுறி எதுவும் இருக்காது. மாத்திரையால்தான் பிரஷர் சரியாக இருக்கிறது, நிறுத்தினால் திரும்ப ஏறும். காசும் அலைச்சலும் காரணமென்றால், தமிழக அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்தால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை அட்டையை யாராவது எண்ண வேண்டும்.

சாப்பாட்டில் நம்மவர்கள் காரத்தைக் குற்றம் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது உப்பு. ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புக்கண்டமும் மோர் மிளகாயும் ஊறுகாயும் ஒரே இலையில் விழுந்தால் அந்தக் கணக்கு மதியத்திலேயே முடிந்துவிடும். பீடி, சிகரெட், புகையிலை பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, விட வேண்டும்.

வீடு திரும்பியதும் "பாவம், படுத்தே இருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் நாமே செய்துவிடுவது பாசத்தில் செய்கிற தவறு. எங்களுக்கு அதைச் சொன்னவர் பிசியோதெரபிஸ்ட். முதல் சில மாதங்களில்தான் உடம்பு அதிகம் தேறும். அப்பத்தா இடது கையால் வெற்றிலையைப் பிடிக்கவே ஐந்து வாரம் ஆயிற்று. ஒவ்வொரு தடவை நழுவும்போதும் எடுத்துக் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போது வீட்டுக் கூடத்தில், பட்டாலையில், போனுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். முதல் எண் 108, அடுத்தது ஆஸ்பத்திரி. சித்தப்பாவின் எண் மூன்றாவது. அந்தச் சீட்டை எழுதித் தந்தவரே அவர்தான்.