பழைய முகம், புதிய இயந்திரம்: மறுவெளியீட்டுக் கைக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

1950களிலும் 60களிலும் வந்த கைக்கடிகாரங்களின் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே புதிய இயந்திரத்தைப் பொருத்தி நிறுவனங்கள் இன்று விற்பவற்றையே மறுவெளியீடு என்கிறோம். அசலையே தேடி வாங்கலாமே என்பவர்கள், சந்தையில் கிடைக்கும் பழைய எச்.எம்.டி. பைலட் ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்க்கட்டும். டயலுக்கு மறுபடி பெயின்ட் அடித்து எழுத்துகளைப் புதிதாக அச்சிட்டவை அங்கே ஏராளம். நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காமல் சற்றே விலகியிருப்பது அதைக் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருந்தால், கை கழுவும்போதுகூடப் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

மறுவெளியீடு என்று முடிவு செய்தபின், கடைக்குப் போகும் முன்பே அசலின் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்திருக்கிறார்கள், எதை மாற்றியிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1965இல் சீக்கோ வெளியிட்ட, 150 மீட்டர் ஆழம் தாங்கும் ஜப்பானின் முதல் டைவர் கடிகாரம் இதற்கு நல்ல பாடம். 2017இல் அதை ஏறத்தாழ அச்சு அசலாக 39.9 மி.மீ. அளவில் 2000 மட்டும் செய்தார்கள். 2020இல் அதே கடிகாரத்தை இன்றைய கண்ணுக்கு ஏற்பத் திருத்தி, 40.5 மி.மீ. அளவில், 70 மணி நேரம் ஓடும் இயந்திரத்துடன், வெகுவாகக் குறைந்த விலையில் தந்தார்கள். அலமாரியில் வைத்து ரசிப்பவருக்கு முன்னது பொருந்தும். தினமும் கட்டிக்கொள்பவருக்குப் பின்னதே போதும் என்பது என் கருத்து.

அடுத்தது அளவு, பலரும் சறுக்குவது இங்கேதான். விட்டத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டும் கொம்புகளின் மேல் நுனியிலிருந்து கீழ் நுனி வரை உள்ள நீளத்தைக் கேட்டு அறிந்து, அந்த நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். துண்டு மணிக்கட்டின் ஓரங்களைத் தாண்டினால் அந்தக் கடிகாரம் உங்களுக்கு இல்லை. அமெரிக்க ராணுவக் கடிகாரங்களைப் பின்பற்றி ஹாமில்டன் செய்யும் காக்கி ஃபீல்டு மெக்கானிக்கல் 38 மி.மீ.; அதன் முன்னோடிகள் அதைவிடச் சிறியவை. ஆனாலும் சாவி கொடுக்கும் வழக்கத்தையும் தேதி இல்லாத டயலையும் விடாமல், முழுச் சாவிக்கு 80 மணி நேரம் ஓடும் இயந்திரத்தை வைத்திருப்பதால் அந்த மாற்றத்தை மன்னிக்கலாம்.

தேதிக் கட்டம் அற்பமான விஷயமாகத் தெரியலாம். அசலில் இல்லாத இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்து உட்கார்ந்தால் டயலின் சமநிலையே குலைந்துவிடுகிறது. சுவிஸ் நிறுவனமான லாஞ்ஜீன்ஸின் மறுவெளியீடான லெஜண்ட் டைவரின் தேதியுள்ள வடிவத்தைப் பற்றி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்தார்கள். 2023இல் 39 மி.மீ. அளவில் தேதி இல்லாமலே அது வந்தது.

கண்ணாடியைப் பொறுத்தவரை, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் பழைய அழகைத் தரும், கீறினாலும் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடலாம். செயற்கை நீலக்கல்லான சஃபையர் எளிதில் கீறாது, ஆனால் ஓங்கி அடிபட்டால் சில்லு பெயரும். இருட்டில் ஒளிரும் பூச்சில் புதியதே மேல், ஏனெனில் பழையவற்றில் பல கதிரியக்கமுள்ள ரேடியத்தால் ஆனவை. அந்தப் புதிய பூச்சையே பழுப்பேறியதுபோல் பாலாடை நிறத்தில் பூசுவது மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை; நேற்று வாங்கிய சட்டையில் ஒட்டுப் போட்டுக்கொள்வதுபோல் இருக்கிறது.

பணம் கொடுக்கும் முன் சாவித் திருகை நீங்களே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உராய்வின்றி, சீரான சிறு சத்தத்துடன் சுற்ற வேண்டும். கையால் சாவி கொடுப்பதென்றால், தடை தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். தேதி உள்ளதாக இருந்தால் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே தேதியை மாற்றக் கூடாது. அந்நேரத்தில் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும். நாளைக்குப் பத்துப் பதினைந்து வினாடி முன்பின்னாக ஓடுவதைப் பழுதென்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் போட வேண்டியிருக்கும் என்பதால், அந்த இயந்திரத்துக்கு உங்கள் ஊரிலேயே சர்வீஸ் உண்டா, உதிரி பாகம் வர எத்தனை வாரம் ஆகும் என்பதை ரசீது போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.