கொலம்பஸ் படகில் பச்சை ஆட்டம்: மெதுவான சுற்றை நடத்துவது எப்படி

திருவிழாக்களில் ஊஞ்சல் மாதிரி இரு பக்கமும் வீசி ஆடுகிற கொலம்பஸ் படகு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அதில் இரண்டு விதமான ஆட்டம் நடத்த வேண்டும் என்பது என் கட்சி. ஒன்று, இப்போது எல்லாரும் ஓட்டுகிற முழு வீச்சு. இன்னொன்று, அதே படகில், அதே இருக்கையில், அதே நேரத்துக்கு, வீச்சை மட்டும் குறைத்து ஓட்டுவது. சேலத்தில் ஆடித் திருவிழா சமயத்திலும், மற்ற மாதங்களில் சுற்றுவட்டார ஊர்த் திருவிழாக்களிலும் எங்கள் குடும்பம் கொலம்பஸும், சுழலும் மேடையில் கார்கள் தனியாகச் சுழலுகிற பிரேக் டான்ஸ் ராட்டினமும் போடுகிறது. தம்பி இயக்குகிறான், நான் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன். எத்தனை பேர் படகை ஆசையாகப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்காமல் நகர்ந்து போகிறார்கள் என்பது கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆத்தூரிலிருந்தோ எடப்பாடியிலிருந்தோ குடும்பமாக வருவார்கள். பையன்கள் ஏறுவார்கள், அம்மாவும் பாட்டியும் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு கீழே நிற்பார்கள். அவர்களுக்கும் ஒரு ஆட்டம் வேண்டும். அதை எப்படி நடத்துவது என்று இதே தொழிலில் இருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இதைப் பெரிய அளவில் செய்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில், டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2003இல் ‘மிஷன்: ஸ்பேஸ்’ திறந்தார்கள். நான்கு பேர் உட்காரும் மூடிய கூண்டுகளைப் பெரிய சுழலியில் மாட்டிச் சுற்றுவார்கள். ராக்கெட் கிளம்பும்போது உடம்பில் ஏறும் அழுத்தம் போலவே இருக்கும். எடை இரண்டரை மடங்குவரை தெரியும். 2005இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும், 2006 ஏப்ரலில் 49 வயதுப் பெண் ஒருவரும் அதில் ஏறிய பின் இறந்தார்கள். சிறுவனுக்கு அதுவரை யாரும் கண்டுபிடிக்காத இதயக் கோளாறு இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கடுமையான இரத்த அழுத்தமும் மூளையில் இரத்தக் கசிவும் இருந்தன. 2006 மே மாதம் பூங்காவினர் ஆட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். சுழலுவது ஆரஞ்சு, சுழலாமல் கூண்டு மட்டும் அசைவது பச்சை. இந்தப் பெயர்களையே நானும் எடுத்துக்கொள்கிறேன்: படகின் முழு வீச்சு ஆரஞ்சு, குறைந்த வீச்சு பச்சை.

எனக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். தன் உடம்பில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியாது. அதனால் ‘நோயாளிகள் ஏறாதீர்கள்’ என்ற பலகை மட்டும் போதாது. நல்ல உடம்புக்காரரும் கூச்சமில்லாமல் எடுக்கக்கூடிய ஒரு மெதுவான ஆட்டம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, 2017இல் பச்சைக்கென்று தனிக் கதையே வைத்துவிட்டார்கள். ஆரஞ்சு செவ்வாய்க்குப் போகிறது, பச்சை பூமியைச் சுற்றி வருகிறது. மெதுவான ஆட்டம் என்றால் பெரிய ஆட்டத்தின் பாதி அல்ல, அது தனியாக ஒரு முழு ஆட்டம். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

நம் ஊரிலும் இது புதுசு இல்லை. அப்பா கையால் தள்ளுகிற குடை ராட்டினம் வைத்திருந்தார். குதிரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடியே தள்ளுவார். முகம் சுருங்கினால் கை தானாகத் தளரும். மோட்டார் வந்த பிறகு அந்தக் கை போய்விட்டது. இப்போது அதைக் கணக்குப் போட்டுத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

கணக்கு இதுதான். படகு எவ்வளவு உயரம் வீசுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கீழே வரும்போது உடம்பு அழுந்துகிறது. படகு பெரிதா சிறிதா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, கோணம்தான் எல்லாம். நேர்கீழிருந்து 60 டிகிரி வீசினால், அடியைக் கடக்கும்போது நடு வரிசையில் இருப்பவர் எடை ஏறத்தாழ இரண்டு மடங்கு. 60 கிலோ ஆள் 120 கிலோவாக உணர்வார். 35 டிகிரியோடு நிறுத்தினால் அதே ஆள் 82 கிலோவாகத்தான் உணர்வார். முதுகுக்கும் கழுத்துக்கும் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

வயிற்றைக் கூசவைப்பது இது இல்லை, உச்சி. படகு உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்கும்போது இருக்கை நம்மைத் தாங்குவது குறைந்துவிடுகிறது. 60 டிகிரியில் நடு வரிசைக்காரரை இருக்கை அவர் எடையில் பாதிதான் தாங்கும். கடைசி வரிசை நடுவிலிருந்து இன்னும் மேலே தூக்கிக்கொண்டிருப்பதால் அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே தாங்காது, எல்லாம் மடிமேல் இறங்கும் கம்பிதான். எங்கள் படகில் கடைசி வரிசை நடுவிலிருந்து சுமார் 25 டிகிரி தள்ளி இருக்கிறது. அப்படியானால் 35 டிகிரி ஆட்டத்தில் கடைசி வரிசைக்காரர் 60 டிகிரிவரை போகிறார், அதாவது முழு ஆட்டத்தில் நடுவில் உட்கார்ந்தவர் அனுபவிப்பதை உச்சியில் இவரும் அனுபவிக்கிறார். பச்சை ஆட்டத்துக்குள்ளேயே இரண்டு ருசி கிடைத்துவிட்டது! பாட்டியை நடுவிலும், கொஞ்சம் துணிந்த பேத்தியை ஓரத்திலும் உட்கார வைக்கலாம். ஒரே ஆட்டத்தில் இருவரும் சந்தோஷமாக இறங்குவார்கள்.

35 டிகிரியைக் கண்ணளவில் விடக்கூடாது. ஒரு பிளைவுட் பலகையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். படகின் கை தொங்குகிற அச்சுக்கு நேர்கீழே தூக்குக் குண்டு விட்டு ஒரு மீட்டர் இறங்குங்கள். அங்கிருந்து பக்கவாட்டில் 70 சென்டிமீட்டர் போங்கள். அச்சையும் அந்தப் புள்ளியையும் சேர்த்தால் அதுதான் 35 டிகிரி. கொத்தனாருக்கு இந்த வேலை ஐந்து நிமிஷம். இரு பக்கமும் இப்படிக் கோடு போட்டு, படகின் கை உரசாத மாதிரி ஸ்டாண்டில் பலகையை இறுக்குங்கள். கோட்டின் மேல் லாரிக்குப் பின்னால் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப்பை ஒட்டினால் ராத்திரி வெளிச்சத்திலும் தெரியும். படகின் கை டேப்புக்கு நேராக வந்ததும் தள்ளுவதை நிறுத்த வேண்டும். வீச்சு இறங்கினால் சின்னதாக ஒரு தள்ளு. எத்தனை தள்ளு என்று எண்ணி ஓட்டுகிற பழக்கம் இதற்கு உதவாது. எங்கள் படகை அடியில் உருளும் டயர்தான் தள்ளுகிறது. ஆள் நிறைந்த படகும் பாதிப் படகும் அதே தள்ளுக்கு ஒரே உயரம் போவதில்லை. கோடுதான் பொய் சொல்லாது.

முதலில் ஆளில்லாமல் ஓட்டிப் பாருங்கள். பிறகு மணல் மூட்டைகளை இருக்கையில் கட்டி நிறைபாரத்தோடு ஓட்டுங்கள், பிறகு ஒரு பக்கம் மட்டும் பாரம் வைத்து ஓட்டுங்கள். நிறுத்துவதையும் சேர்த்துப் பழக வேண்டும். மெதுவாக ஆடிவிட்டுப் பிரேக்கில் வெடுக்கென்று நிறுத்தினால் ஆட்டம் முழுக்கக் காப்பாற்றியது அந்த ஒரு நொடியில் வீணாகிவிடும். கடைசி மூன்று நான்கு வீச்சைப் படகு தானாக அடங்க விட்டு, பிறகே டயரை அழுத்த வேண்டும். இயந்திரம் செய்தவரிடமும், உறுதிச் சான்று தருகிற பொறியாளரிடமும் இந்த ஓட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் பச்சை ஆட்டம் உண்டு என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

நேரத்தைக் குறைக்காதீர்கள். முழு ஆட்டம் எவ்வளவு நேரமோ பச்சையும் அவ்வளவு நேரம். ஏற்றத்தை மெதுவாக்கி, 35 டிகிரியில் நன்றாக நிலைத்து ஆடவிட்டு, மெதுவாக இறக்கினால் நேரம் தானாக நிறையும். பாட்டும் தனியாக இருக்கட்டும். முழு ஆட்டத்துக்குக் குத்துப்பாட்டும் சைரனும், பச்சைக்கு மெல்லிசை. மைக்கில் ‘உசரம் பத்தலையா?’ என்று கூவுவதைப் பச்சையில் அறவே விட்டுவிட வேண்டும்.

பிரேக் டான்ஸில் கணக்கு வேறு. சுழற்சியில் வேகம் பாதியானால் உடம்பை வெளியே தள்ளும் விசை கால் பங்காகிவிடும். வேகத்தைப் பத்தில் ஏழாகக் குறைத்தாலே விசை பாதி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டி உள்ள இயந்திரத்தில் இது சுலபம். இல்லாதவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். ஆனால் குமட்டல் விசையால் மட்டும் வருவதில்லை. மேடை ஒரு பக்கமும் கார் இன்னொரு பக்கமும் சுழலும்போது தலையைத் திருப்பினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு குழம்பிவிடும். ஆகவே ஏறியதும் சொல்லுங்கள்: தலையைச் சாய்மானத்தோடு ஒட்டி வைங்க, பக்கத்தில் யார் கூப்பிட்டாலும் திரும்பாதீங்க, நேராப் பாருங்க. மிஷன்: ஸ்பேஸிலும் இதையேதான் சொல்கிறார்கள். ராட்சத ராட்டினத்துக்குப் பச்சை ஆட்டம் தேவையில்லை. அங்கே பயம் உயரத்தால் வருகிறது, வேகத்தைக் குறைத்தால் உச்சியில் இருக்கும் நேரம்தான் கூடும்.

இனி என் கவுண்டர். ‘பயமா இருக்கா?’ என்று ஒருபோதும் கேட்காதீர்கள். மீசை முளைக்கிற பையன் எவனும் நண்பர்கள் முன்னால் ஆமாம் என்று சொல்ல மாட்டான். ‘ஆரஞ்சா, பச்சையா தம்பி?’ என்று மட்டும் கேளுங்கள். ஐஸ் வாங்குகிற மாதிரி அது ஒரு தேர்வாக ஆகிவிடும். ‘குழந்தை ஆட்டம்’, ‘லேடீஸ் ஆட்டம்’ என்று பெயர் வைத்தால் முதுகுவலிக்கார லாரி டிரைவர் அண்ணன் அதில் ஏறவே மாட்டார், அவருக்குத்தான் அது முதலில் தேவை. விலையும் ஒன்றாகவே இருக்கட்டும். பச்சை மலிவு என்றால் ஜனங்கள் உடம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், பர்ஸைப் பார்ப்பார்கள். விலை கொடுத்து முழு ஆட்டம் எடுத்தவன்தான் வீரன் என்ற பேச்சும் கிளம்பும்.

தேர்வு கவுண்டரிலேயே முடிய வேண்டும். வரிசையில் அரை மணி நேரம் நின்று, கம்பி இறங்கிய பிறகு கேட்டால் யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். டிக்கெட் இரண்டு நிறம், வரிசை இரண்டு. ஒவ்வொரு அரை மணியின் முதல் ஆட்டம் பச்சை என்று பலகையில் எழுதிவிட்டால், குடும்பம் தட்டுவடை செட் சாப்பிடப் போவதா ஆட்டத்துக்கு நிற்பதா என்று தானே முடிவெடுத்துக்கொள்ளும். (ஆட்டத்துக்குப் பிறகு சாப்பிடச் சொல்லி அனுப்புவது என் வழக்கம்.) சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை என்கிற அலங்கார வண்டி ஊர்வலம் நடக்கிற நாளில் கூட்டம் பொங்கும். அன்று கூட்டத்தைச் சாக்காக வைத்துப் பச்சையை நிறுத்தாதீர்கள். அன்றைக்குத்தான் வயதானவர்கள் அதிகம் வருகிறார்கள். ஒரே ஆட்டத்தில் இரு நிற டிக்கெட்டையும் கலந்து ஏற்றுவது கூடவே கூடாது. படகில் இருக்கிற ஆரஞ்சு பையன்கள் ‘இன்னும், இன்னும்’ என்று கத்துவார்கள், இயக்குகிறவன் கை அதற்கு இணங்கிவிடும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கி நேராகப் பொருட்காட்சிக்கு வருகிற குடும்பங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவிலும் வேனின் பின் இருக்கையில் ஆடியபடி வந்தவர்களுக்குத் தலை ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். ‘மலையிலிருந்து இப்பத்தான் இறங்கினீங்களா? கொஞ்சம் நடந்துட்டு வாங்கக்கா’ என்று சொல்லிவிடுவேன். டிக்கெட் ஒன்றும் ஓடிப்போகாது.

பச்சை என்பதால் தளர்த்தக் கூடாதவையும் உண்டு. மடிக்கம்பி அதே இறுக்கம்தான். எப்காட்டில் ஆரஞ்சுக்கு 112 சென்டிமீட்டர், பச்சைக்கு 102 சென்டிமீட்டர் உயரம் போதும்; ஆனால் அங்கே பச்சையில் சுழலியே சுழலுவதில்லை. நம் படகு இரண்டு ஆட்டத்திலும் வீசுகிறது, கம்பியும் ஒன்றே, ஆகவே உயர அளவையும் ஒன்றாகவே வையுங்கள். கம்பிக்கு அடியில் நழுவுகிற குழந்தைக்கு வேகம் குறைவதால் பயனில்லை. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் பச்சையிலும் ஏறக்கூடாது. இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள்.

நிறுத்தச் சொல்வதற்கு ஒரு சைகை வேண்டும். கையைத் தூக்குவது சரிப்படாது, சந்தோஷத்திலும் எல்லாரும் கையைத் தூக்குகிறார்கள். இரண்டு முன்கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைப்பது நல்ல சைகை. தற்செயலாக யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆட்டம் தொடங்கும் முன் உதவியாள் அதைச் செய்து காட்ட வேண்டும், பிறகு படகின் இரு பக்க முகங்களும் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். கையில் போன் கூடாது. ஒருவர் சைகை காட்டினாலும் படகை அடக்கி அவரை இறக்கிவிட்டு, மற்றவர்களுக்கு மீதி ஆட்டத்தைக் கொடுங்கள். இறங்கியவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் தண்ணீரும் தயாராக இருக்கட்டும், டிக்கெட் காசையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆடி மாத சாயங்காலத்தில் சேலத்தில் திடீரென்று மழை இறங்கும். டயர் நனைந்தால் வழுக்கும். தள்ளும்போது வழுக்குவதைவிட நிறுத்தும்போது வழுக்குவது ஆபத்து. தூறல் விழுந்ததும் இரண்டு ஆட்டத்தையும் நிறுத்திவிடுங்கள். மழை விட்டபின் டயரையும் படகின் அடியையும் துடைத்துக் காயவிட்டு, ஆளில்லாமல் ஒரு பச்சை ஆட்டம் ஓட்டுங்கள். கை டேப் வரை போய், எப்போதும் அடங்குகிற வீச்சுக்குள் அடங்கினால் கவுண்டரைத் திறக்கலாம்.